ரெட் ஹவுஸ்: வில்லியம் மோரிஸின் செங்கல் வீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கோபுரப் பாலத்தையும் அரண்மனையையும் பார்த்து முடித்துவிட்டு, “இன்னும் ஒரு நாள் இருக்கிறது, எங்கே போகலாம்?” என்று கேட்பார்கள். கட்டடங்களில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர் என்றால் நான் சொல்லும் இடம் ரெட் ஹவுஸ். போவதற்கு முன்பும் போய்வந்த பின்பும் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள் கேட்பவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ரெட் ஹவுஸ் எங்கே இருக்கிறது? யாருடைய வீடு?

தென்கிழக்கு லண்டனில், பெக்ஸ்லிஹீத் என்ற புறநகரில் இருக்கிறது. 1859இல் கட்டத் தொடங்கி, 1860 கோடையில் குடிபோன வீடு. கட்டச் சொன்னவர் வில்லியம் மோரிஸ். பூவும் இலையும் பறவையும் பின்னிக் கிடக்கும் சுவர்த்தாள் வடிவங்களைப் பார்த்திருப்பீர்களே, அவற்றை வரைந்தவர். கவிஞர், பின்னாளில் சோஷலிஸ்ட். வரைபடம் போட்டவர் அவருடைய நண்பர் பிலிப் வெப். வேலை தொடங்கியபோது மோரிஸுக்கு வயது 25, வெப்புக்கு 28. தனியாகத் தொழில் செய்யக் கிளம்பிய வெப்பின் கைக்கு வந்த முதல் வேலை இதுதான்.

அப்போது அந்த இடம் கென்ட் மாவட்டத்தில் அப்டன் என்ற சிறு குக்கிராமம்; சுற்றிலும் பழத்தோட்டங்கள். இன்று நாலாபுறமும் இருபதாம் நூற்றாண்டு வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. தெருவிலிருந்து பார்த்தால் உயரமான மதில்தான் முதலில் கண்ணில் படும். 2003 முதல், பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது.

இருபத்தைந்து வயதில் இப்படி ஒரு வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?

அப்பா விட்டுப்போன செப்புச் சுரங்கப் பங்குகளிலிருந்து. அவற்றிலிருந்து மோரிஸுக்கு ஆண்டுக்கு 900 பவுண்ட் அளவில் வருமானம் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஆன செலவு சுமார் 4,000 பவுண்ட். கைத்தொழிலாளியின் பெருமையைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசியவரின் வீடு சுரங்கத் தொழிலாளிகளின் உழைப்பில் வந்த லாபத்தில் எழுந்தது. இந்த முரண் மோரிஸுக்கே பின்னாளில் உறுத்தியிருக்கிறது.

மோரிஸும் வெப்பும் சந்தித்தது 1856இல், ஆக்ஸ்ஃபோர்டில், ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில். மோரிஸ் அங்கே ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நட்பு மட்டும் கடைசிவரை நிலைத்தது. 1858இல் நண்பர்கள் பிரான்ஸ் போய் சீன் ஆற்றில் படகில் பயணம் செய்தபோது வீட்டுப் பேச்சு எழுந்தது. வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த வரைபடத்தின் பின்பக்கத்திலேயே வெப் கிறுக்கிப் பார்த்தாராம். அடுத்த ஏப்ரலில் மோரிஸுக்கும் ஜேன் பர்டனுக்கும் கல்யாணம். கட்டட வேலையும் அந்த வசந்தத்திலேயே சூடுபிடித்தது.

நேரில் பார்த்தால் பெரிய விசேஷம் ஒன்றும் தெரியவில்லையே? செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, அவ்வளவுதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இங்கிலாந்தின் புறநகர்களில் செங்கல் சுவரும் செங்குத்தான ஓட்டுக் கூரையும் கொண்ட வீடுகளை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரெட் ஹவுஸ் சாதாரணமாகத்தான் தெரியும்.

1859இல் காசு உள்ள ஒருவர் ஊருக்கு வெளியே வீடு கட்டினால் எப்படிக் கட்டியிருப்பார்? செங்கல்லில்தான் கட்டுவார், ஆனால் அதன்மேல் ஸ்டக்கோ என்ற சாந்தைப் பூசி, கல் கட்டடம் போலக் கோடு கிழித்து, வெள்ளை அடிப்பார். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் சரிசமமாக ஜன்னல், வாசலுக்கு முன்னால் இரண்டு தூண். செங்கல் வெளியே தெரிந்தால் மதிப்பில்லை. இல்லையென்றால் இன்னொரு வகை: குட்டிக் கோட்டை மாதிரி கொத்தளமும் கோபுரமும் வைத்த வீடு. இரண்டிலும் வீடு வேறு எதுவாகவோ வேஷம் போட்டுக்கொண்டு நின்றது.

வெப் சாந்துப் பூச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டார். சிவப்புச் செங்கல் சுவர் அப்படியே வெளியே தெரிகிறது. கூரைக்குச் சிவப்புக் களிமண் ஓடு. முகப்பில் செதுக்கு வேலை, தூண், சிலை எதுவும் கிடையாது. அழகு என்று ஏதாவது இருந்தால் அது புகைபோக்கியின் உயரத்திலும், கூரைகள் வேறுவேறு மட்டத்தில் ஒன்றையொன்று வெட்டும் விதத்திலும், செங்கல்லை அடுக்கியே வரவழைத்த வளைவுகளிலும் இருக்கிறது. செங்கல் மீதான வரி 1850இல் ஒழிந்தது, ஜன்னல் வரி 1851இல் ஒழிந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு முன்பு கட்டியிருந்தால் செங்கல்லுக்கும் வரி, ஜன்னலுக்கும் வரி.

ஆனால் வெப் இதை வானத்திலிருந்து பறித்துக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஸ்ட்ரீட்டும் வில்லியம் பட்டர்ஃபீல்டும் கிராமத்துப் பாதிரியார் வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் இதே போல அலங்காரம் இல்லாத செங்கல்லில் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார்கள். வெப் அந்த அலுவலகத்தில் கைப்பழக்கம் பெற்றவர். பாதிரியார் வீட்டுக்குப் போதும் என்று நினைத்த எளிமையை, வசதியான ஒரு குடும்பத்தின் சொந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் அவர் செய்த காரியம். ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் முத்தீசியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வீடுகளைப் பற்றி எழுதியபோது, நவீன வீட்டின் வரலாற்றில் ரெட் ஹவுஸுக்கு முதலிடம் கொடுத்தார். அதன் பிறகு ஆர்க்கிடெக்சர் பாடப் புத்தகங்களில் இது நிரந்தரமாக ஏறிவிட்டது. கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிட்டது என்பது என் எண்ணம்.

ஜன்னல்கள் ஏன் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கின்றன?

ஒரு சுவரை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஓரிடத்தில் நெடிய சாஷ் ஜன்னல் (மேலும் கீழும் இழுத்துத் திறப்பது), ஓரிடத்தில் ஒடுங்கியது, முற்றத்துப் பக்கம் மாடி நடையில் வட்ட ஜன்னல்கள், மேற்கில் செங்கல் தாங்கலின் மேல் சுவரைவிட்டு வெளியே துருத்தி நிற்கும் ஒரு ஜன்னல். மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும் என்ற கவலையே இல்லை.

வெப் உள்ளே இருந்து வெளியே வந்தார். இந்த அறையில் உட்கார்ந்து என்ன செய்வார்கள், எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எந்த உயரத்தில் வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற அளவில் சுவரில் திறப்பு வைத்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்பது அதற்கு அப்புறம்தான். அதனால் கொஞ்சம் பழகிவிட்டால் வெளியே நின்றபடியே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம்: இது நடை, இது படிக்கட்டு, இது பெரிய அறை.

ஒரு நுணுக்கம். பல ஜன்னல்களுக்கு மேலே செங்கல்லில் கூர்வளைவு இருக்கும். ஆனால் ஜன்னல் சட்டம் அந்தக் கூர்முனை வரை போகாது. கீழேயே நின்றுவிடும். நடுவில் உள்ள இடத்தைச் செங்கல்லால் அடைத்திருப்பார்கள். காரணம் எளிது. மேல் சுவரின் பாரத்தை வாங்கி இரண்டு பக்கமும் இறக்குவது வளைவின் வேலை; வெளிச்சமும் காற்றும் தருவது ஜன்னலின் வேலை. சாஷ் ஜன்னல் மேலும் கீழும் ஓட நேரான சட்டம் வேண்டும், கூர்முனைக்குள் அது ஓடாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே விட்டுவிட்டார்.

அப்படியானால் இது காதிக் பாணியா, இல்லையா?

கூர்வளைவு, செங்குத்துக் கூரை, ஆழமான வாசல் மாடம் எல்லாம் காதிக், அதாவது ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களின் பாணி. வெள்ளைச் சாயம் பூசிய சாஷ் ஜன்னல் பதினெட்டாம் நூற்றாண்டுப் பழக்கம். காதிக் பக்தர்கள் அதைத் தொடமாட்டார்கள். வெப் இரண்டையும் ஒரே சுவரில் வைத்தார். பாணியின் பெயர் கேட்டால், கைவினைக்கு முதலிடம் தந்த இயக்கத்தின் பெயரான ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ என்று பரீட்சையில் எழுதிவிடலாம். அந்தப் பெயர் பிறக்கும் முன்பே பிறந்த வீடு இது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் அமைப்பு எப்படி?

ஆங்கில ‘எல்’ எழுத்து வடிவம். இரண்டு மாடி. எழுத்தின் இரண்டு கைகளும் அணைத்துக்கொண்டிருக்கும் இடம் முற்றம். அங்கே ஒரு கிணறு. அதற்கு மரத்தூண்கள் தாங்கும் கூம்பு வடிவ ஓட்டுக் கூரை. வீட்டைப் படமெடுப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்தக் கிணற்றோடு சேர்த்துத்தான் எடுப்பார்கள். இரண்டு கைகளும் சந்திக்கும் மூலையில் படிக்கட்டு. அதன் மேல் கூர்ங்கூரை, உச்சியில் காற்றுத் திசை காட்டி.

வரவேற்பறை கீழே இல்லாமல் மாடியில் இருப்பது அந்தக் காலத்துக்குப் புதுசு. கூரைக்குள் உயர்ந்து போகும் உட்கூரையோடு பெரிய அறை வேண்டும் என்பதற்காக அதை மேலே கொண்டுபோனார்கள்.

உள்ளே போனால் எதைத் தவறவிடக் கூடாது?

முதலில், படிக்கட்டின் மேல் உள்ள உட்கூரையை அண்ணாந்து பாருங்கள். எளிய வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும் வண்ணச் சித்திரம். வேலைநுட்பம் வண்ணத்தில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது. சாந்து ஈரமாக இருக்கும்போதே கூர்முனையால் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் குத்தி வைத்திருக்கிறார்கள். புள்ளி வைத்துக் கோலம் போடுவது போல அந்தத் துளைகளைப் பிடித்துக்கொண்டு வண்ணம் தீட்டினார்கள். வண்ணம் மங்கினால், வருபவர் யாராக இருந்தாலும் அதே துளைகளை வைத்து மறுபடி தீட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நேரத்தில் துளைகள் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது படிக்கட்டு. ஓக் மரம். திருப்பங்களில் நிற்கும் தூண்கள் தலைக்கு மேல் உயர்ந்து கூம்பாக முடிகின்றன. படிகளின் அடிப்பக்கத்தைப் பலகை வைத்து மறைக்கவில்லை. மரத்தை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

கூடத்தில் வெப் செய்துகொடுத்த பெரிய இருக்கையும் அலமாரியும் சேர்ந்த மரச்சாமான் ஒன்று உண்டு. கதவுகளில் ஆர்தர் மன்னன் காலத்துக் கதைக் காட்சியை மோரிஸ் வரையத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருக்கிறார். சாப்பாட்டு அறையில் கருஞ்சிவப்பு வண்ணத்தில் வெப் வடிவமைத்த உயரமான பாத்திர அலமாரி. கீழ் நடையில் உள்ள ஜன்னல் கண்ணாடிகளில் மோரிஸின் ஓவிய நண்பர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த காதல், விதி உருவங்கள். அவற்றைச் சுற்றியுள்ள சின்னச் சதுரங்களில் வெப் வரைந்த பறவைகள். வெப் மனிதரைவிடப் பறவைகளையும் விலங்குகளையும் நன்றாக வரைவார்.

மாடி வரவேற்பறையில் செங்கல் கணப்பு, புகைக்கூண்டோடு சேர்ந்து உட்கூரை வரை ஏறுகிறது. அதன்மேல் ‘கலை நெடியது, வாழ்வு குறுகியது’ என்ற பழைய லத்தீன் வாசகம். அதே அறையில், மோரிஸ் லண்டனில் பிரம்மச்சாரியாக இருந்த காலத்து ராட்சத மர இருக்கை; இங்கே கொண்டுவந்த பிறகு அதன் தலையில் ஒரு குட்டி மாடம் கட்டி ஏணி வைத்தார் வெப். இருக்கைக்குப் பக்கத்தில் சுவரில் பர்ன்-ஜோன்ஸ் தீட்டிய கல்யாண விருந்துக் காட்சி. மணமகனும் மணமகளும் மோரிஸ், ஜேன் சாயல்.

மோரிஸின் புகழ்பெற்ற சுவர்த்தாள்கள் எங்கே?

பலரும் அதை எதிர்பார்த்து வந்து ஏமாறுகிறார்கள். மோரிஸ் குடியிருந்த காலத்தில் இங்கே சுவர்த்தாள் முக்கியமே இல்லை. சுவரில் நேரடியாக ஓவியம் தீட்டினார்கள், அல்லது ஜேனும் அவர் தங்கையும் தோழிகளும் பூவேலை செய்த துணிகளைத் தொங்கவிட்டார்கள். கடையில் வாங்கப் போனால் மனதுக்குப் பிடித்த ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நண்பர்களே செய்துகொண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1861இல் தொடங்கிய ‘மோரிஸ், மார்ஷல், ஃபாக்னர் அண்ட் கோ’ நிறுவனம். மோரிஸ் வரைந்த முதல் சுவர்த்தாள் ‘டிரெல்லிஸ்’, 1862ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தத் தோட்டத்தில் ரோஜா படர்ந்திருந்த மரப்பந்தலிலிருந்து வந்த யோசனை. அதில் உள்ள பறவைகளும் வெப் கைவண்ணம். இப்போது சில அறைகளில் காணும் மோரிஸ் சுவர்த்தாள்கள் பிற்காலத்தவர் ஒட்டியவை.

வீட்டில் குறையே இல்லையா?

நிறைய உண்டு. முக்கிய அறைகள் பெரும்பாலும் வடக்கு நோக்கியவை. நம் ஊரில் வடக்குப் பார்த்த மனை என்றால் கூடுதல் விலை சொல்வார்கள். லண்டன் அட்சரேகையில் குளிர்காலத்தில் சூரியன் தெற்கு வானத்தில் தாழ்வாகத் தவழ்ந்துவிட்டுப் போய்விடும். வடக்கு அறைக்குள் ஒரு கதிரும் எட்டிப் பார்க்காது. வெயில் விழும் முற்றத்துப் பக்கத்தை வெப் நடைகளுக்குக் கொடுத்துவிட்டார். கோடையில் குடிவந்த வீட்டில் இது உடனே தெரிந்திருக்காது. சமையலறையோ மேற்கு வெயிலில் வேகும் என்று அப்போதே குறை சொன்னார்கள்.

நாற்பது வயதுக்கு முன்னால் எந்தக் கட்டடக் கலைஞனையும் வீடு கட்ட விடக்கூடாது என்று வெப் பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள். இந்த வீட்டை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

வீட்டை எங்கே நிறுத்துவது என்பதை மரங்கள் முடிவு செய்தன. ஏற்கெனவே நின்ற ஆப்பிள், செர்ரி மரங்களை முடிந்தவரை வெட்டாமல் கட்டினார்கள். இலையுதிர்காலத்து இரவுகளில் திறந்த ஜன்னல் வழியே ஆப்பிள் அறைக்குள் விழும் என்று ஒரு கதை உண்டு. தோட்டத்தைப் பந்தல்களாலும் வேலிகளாலும் தனித்தனி அறை போலப் பிரித்திருந்தார்கள். மேற்கே பந்து உருட்டி விளையாட நீண்ட புல்தரை. தோட்டத்துக்குள் இறங்கும் வாசலில் உட்கார இடம் உண்டு. பெயர் ‘யாத்ரீகர் இளைப்பாறும் இடம்’. கான்டர்பரித் தேவாலயத்துக்கு யாத்திரை போன பழைய சாலை பக்கத்தில்தான் போகிறது.

இவ்வளவு ஆசையாகக் கட்டிவிட்டு ஏன் ஐந்தே ஆண்டில் விட்டுப் போனார்கள்?

ஒன்றல்ல, பல காரணங்கள் ஒன்றாக வந்தன. தொழில் லண்டனில், வீடு இங்கே. ரயில் ஏற மூன்று மைல் தள்ளி ஆபி வுட் நிலையத்துக்குப் போகவேண்டும். சுரங்க வருமானம் குறைந்துகொண்டே வந்தது. ‘எல்’ வடிவ வீட்டில் இன்னும் ஒரு பகுதி சேர்த்து, பர்ன்-ஜோன்ஸ் குடும்பமும் கூடவே வந்து வாழ்வது என்று திட்டம். வெப் வரைபடமும் போட்டுவிட்டார். 1864இல் பர்ன்-ஜோன்ஸின் மனைவி ஜார்ஜியானாவுக்குக் கடுமையான காய்ச்சல். பிறந்த குழந்தை தங்கவில்லை. அவர்கள் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு மோரிஸும் முடக்குக் காய்ச்சலில் படுத்தார். 1865இல் ப்ளூம்ஸ்பரியில் கடைக்கு மேலேயே குடிபோனார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்த வீட்டை மோரிஸ் அதற்குப் பிறகு வந்து பார்க்கவே இல்லை என்பார்கள்.

பிறகு வீடு எப்படித் தப்பியது?

அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் இடிக்காததால். பாதுகாக்கப்பட்ட வீடுகளின் வரலாற்றில் இந்தக் காரணத்துக்கு யாரும் போதிய மரியாதை கொடுப்பதில்லை. 1952இல் டெட் ஹாலம்பி என்ற கட்டடக் கலைஞர், மனைவி டோரிஸோடும் இன்னொரு தம்பதியோடும் சேர்ந்து குடிவந்தார். லண்டன் மாநகர அமைப்பில் பொது வீட்டு வசதிக் கட்டடங்களில் வேலை செய்தவர். ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பம் இங்கே இருந்தது. விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே அசிங்கம் என்று நினைத்த காலம் அது. யூஸ்டன் ரயில் நிலையத்தின் முகப்பு வளைவை 1960களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளினார்கள். விக்டோரியன் சொசைட்டி தொடங்கியதே 1958இல்தான்.

ரெட் ஹவுஸ் கிரேடு 1 கட்டடம் என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

இங்கிலாந்தில் சட்டப் பாதுகாப்புக்காகப் பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கு மூன்று படிகள். மேலிருந்து கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2. பட்டியலில் சுமார் நான்கு லட்சம் பதிவுகள் உண்டு. அதில் முதல் படி சுமார் 2.5 சதவீதம்தான். 1700க்கு முந்தியது ஓரளவு பழைய உருவில் நின்றால் அநேகமாகப் பட்டியலில் ஏறிவிடும். 1850 வரை உள்ளவற்றிலும் பெரும்பாலானவை ஏறும். அதற்குப் பிறகு கட்டியவை ஏராளமாக மிஞ்சியிருப்பதால் சலித்துத்தான் எடுப்பார்கள். 1859ஆம் ஆண்டின் புறநகர் வீடு ஒன்று முதல் படியில் இருப்பது அந்தச் சல்லடையைத் தாண்டியதால்.

பட்டியலில் இருந்தால் ஆணிகூட அடிக்கக் கூடாதா?

படம் மாட்ட ஆணி அடித்ததற்காக யாரும் ஜெயிலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூராட்சியிடம் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். வெளிச்சுவர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்; உட்புறமும் சேர்த்தி. படிக்கட்டு, கணப்பு, கதவு எல்லாம் உட்பட. 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே வளாகத்துக்குள் இருக்கும் கொட்டகை, மதில்கூட பெரும்பாலும் அடங்கும். அனுமதி இல்லாமல் மாற்றினால் அது குற்றவியல் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

பாதுகாப்பு வட்டாரம் என்பது வேறு விஷயம். அது தெருவையோ பகுதியையோ மொத்தமாகக் காப்பது, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அங்கே வெளித்தோற்றத்துக்குத்தான் கட்டுப்பாடு. வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

மோரிஸ் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி மாற்றிவிடலாமே? ஏன் செய்யவில்லை?

செய்தால் முதலில் சண்டைக்கு வந்திருப்பவர்கள் மோரிஸும் வெப்பும்தான்.

1870களில் இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் ‘புதுப்பிக்கும்’ வேலை மும்முரமாக நடந்தது. இந்தக் கட்டடத்தின் உண்மையான காலம் இது என்று ஒரு நூற்றாண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் வந்த சாந்தையும் இருக்கைகளையும் சேர்மானங்களையும் சுரண்டி எறிந்துவிட்டு, புதிதாகச் செதுக்கிப் பழசு என்று காட்டினார்கள். டியூக்ஸ்பரி தேவாலயத்தில் அந்த வேலை நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் மோரிஸ் கொதித்துப்போனார். 1877இல் வெப்பும் மற்ற நண்பர்களும் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்னது: ஓடு நகர்ந்தால் சரிசெய், சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள், பின்னால் வந்தவர்கள் சேர்த்ததைச் சுரண்டாதே. 1882இல் நாட்டின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் இருந்தவை 68 சின்னங்கள், பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்திய கல்வட்டங்களும் மேடுகளும். மனிதர் வாழும் வீடுகளைச் சட்டம் காக்கத் தொடங்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

அந்த இரண்டு பேரின் வீட்டில் அவர்கள் சொன்னதைத்தானே கடைப்பிடிக்க வேண்டும்? அதனால்தான் ஹாலம்பி காலத்துச் சேர்மானங்களும் இங்கே இருக்கின்றன. 1860ஐ மட்டும் தேடி வருபவருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. மோரிஸ் இருந்தது ஐந்து ஆண்டு. மற்றவர்கள் இருந்தது நூற்று நாற்பது ஆண்டுக்கு அருகில்.

சுவரில் ஒளிந்திருந்த ஓவியம் கிடைத்ததாமே?

ஆமாம், 2013இல். பெரிய படுக்கையறையில் சுவரோடு பொருத்திய அலமாரிக்குப் பின்னால் மங்கலாக ஓரிரு உருவங்கள் இருப்பது முன்பே தெரியும். பாதுகாப்பு வல்லுநர்கள் மேல்பூச்சை நீக்கியபோது ஒரு சுவர் நிறையப் பைபிள் பாத்திரங்கள் வெளிவந்தன: ஆதாம், ஏவாள், கையில் பேழையோடு நோவா, ராகேல், ஏணியோடு யாக்கோபு. தொங்கவிட்ட துணியில் வரைந்தது போல, மடிப்புகளோடு தீட்டியிருக்கிறார்கள். யார் கை எது என்று பிரித்துப் பார்த்ததில் பர்ன்-ஜோன்ஸ், ஓவியர் ரோசெட்டி, ரோசெட்டியின் மனைவி எலிசபெத் சிடல், ஃபோர்ட் மடாக்ஸ் பிரவுன், மோரிஸ் ஆகியோரின் பெயர்கள் அடிபடுகின்றன. விருந்துக்கு வந்த நண்பர்கள் தூரிகையோடு சுவரில் ஏறினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நெருடல் உண்டு. மேல்பூச்சும் பின்னால் வந்த அடுக்குதானே, அதை ஏன் நீக்கலாம்? ஒவ்வொரு இடத்திலும் எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்று எடைபோடுவதைத் தவிர வழியில்லை. வெறும் வண்ணப்பூச்சுக்கு ஈடாக இப்படி ஒரு ஓவியம் கிடைக்கும் என்றால் நானும் நீக்கச் சொல்லித்தான் வாக்களிப்பேன்.

இத்தகைய வீடுகளில் சிமெண்ட் பூசக் கூடாது என்கிறார்களே, ஏன்?

ரெட் ஹவுஸுக்கு மட்டுமல்ல, ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ விக்டோரியா காலத்து வரிசை வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் இது உதவும். அந்தக் காலச் சுவருக்கு நடுவில் இடைவெளி கிடையாது. பெரும்பாலும் ஒன்பது அங்குலம் முழுச் செங்கல். மழை பெய்தால் ஈரத்தை உறிஞ்சும், வெயில் காற்றில் விட்டுவிடும். செங்கற்களுக்கு இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையானது, ஈரம் அதன் வழியாக வெளியேறும். காலப்போக்கில் தேய்வதும் சாந்துதான். அதைச் சுரண்டி மறுபடி அடைத்துவிடலாம்.

அந்த இடத்தில் சிமெண்டை வைத்து அடைத்தால் சாந்து கெட்டியாகி, செங்கல் மென்மையான பக்கமாகிவிடும். ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிரில் அந்த ஈரம் உறைந்து விரிய, செங்கல்லின் முகம் பெயர்ந்து விழும். கோட்டுக்குக் கோடு சிமெண்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, செங்கல் உள்வாங்கிய சுவரைக் கிழக்கு லண்டன் தெருக்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பட்டியலில் இல்லாத வீடாக இருந்தாலும் சுண்ணாம்புச் சாந்தில் வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். கூலி கூடுதலாகத்தான் கேட்பார்.

எப்படிப் போவது? கூடவே வேறு ஏதாவது பார்க்கலாமா?

பெக்ஸ்லிஹீத் ரயில் நிலையத்திலிருந்து முக்கால் மைல் நடை. மோரிஸின் விருந்தாளிகள் இறங்கிய ஆபி வுட் நிலையத்துக்கு இப்போது எலிசபெத் ரயில் தடத்தில் வரலாம். அவர்களை அழைத்துவர வீட்டிலிருந்து திரை போட்ட குதிரை வண்டி வந்தது, நமக்குப் பேருந்து. திறந்திருக்கும் நாட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் நேஷனல் டிரஸ்ட் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கார் நிறுத்த இடம் இல்லை. டான்சன் பூங்காவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பூங்காவிலேயே டான்சன் ஹவுஸ் இருக்கிறது. 1760களில் சர்க்கரை வியாபாரி ஜான் பாய்டுக்காக ராபர்ட் டெய்லர் வடிவமைத்தது, அதுவும் கிரேடு 1. நடுவில் வாசல், இருபுறமும் சரிசமம், எந்தப் பக்கம் என்ன அறை என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாத வீடு. முதலில் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் ரெட் ஹவுஸுக்கு வாருங்கள்; “பெரிய விசேஷம் தெரியவில்லையே” என்ற கேள்வி அநேகமாக எழாது.